தன்னைத் தண்டித்துக்கொள்ளும் அரசன்

சிலப்பதிகாரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் வழக்குரை காதையோடு எழுந்து போய்விடுகிறார்கள். சிலம்பு உடைகிறது, மாணிக்கம் தெறிக்கிறது, பாண்டியன் தானே கள்வன் என்று சொல்லி விழுந்து சாகிறான், கூட்டம் கைதட்டுகிறது. பட்டிமன்றமானாலும் பல்கலைக்கழகக் கருத்தரங்கமானாலும், 1964ல் வந்த ‘பூம்புகார்’ படத்தின் வசனத்தை மனப்பாடமாகச் சொல்லும் தலைமுறையானாலும் இதில் வித்தியாசமில்லை. சட்டம் செய்கிறவன் தான் செய்த சட்டத்துக்குக் கட்டுப்பட்டவனா என்ற கேள்விக்கு, 1215ல் இங்கிலாந்தில் மாக்னா கார்ட்டா வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தமிழன் பதில் சொல்லிவிட்டான் என்ற பெருமிதம் இந்தக் கைதட்டலுக்குள் இருக்கிறது.

இந்தப் பெருமிதத்தை நான் சந்தேகிக்கிறேன். காவியத்தை அல்ல. காவியம் தன் ரசிகர்களைவிட நிறையத் தெரிந்துவைத்திருக்கிறது. வழக்குரை காதைக்குப் பிறகு இன்னும் பத்துக் காதைகள் இருக்கின்றன. அவற்றில் என்ன நடக்கிறது என்று பார்க்காமல் முதல் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

நமக்குச் சொல்லித்தரப்பட்ட நீதி மன்னர்கள் மூவர். கன்றைத் தேரேற்றிக் கொன்ற மகனைத் தன் தேர்க்காலில் கிடத்திய சோழன். இரவில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டியதற்காகத் தன் கையை வெட்டிக்கொண்ட பாண்டியன். தீர்ப்புத் தவறியதற்காக உயிரை விட்ட நெடுஞ்செழியன். மூன்று கதைகளின் உள்ளமைப்பும் ஒன்றுதான். குற்றம் சாட்டப்பட்டவனும் நீதிபதியும் தண்டனையை நிறைவேற்றுகிறவனும் ஒரே ஆள். அவன் அதைச் செய்யாமல் இருந்திருந்தால்? செய்யச் சொல்லி அவனை நிர்ப்பந்திக்க எந்த ஏற்பாடும் இந்தக் கதைகளில் கிடையாது. அமைச்சர்கள் கெஞ்சுகிறார்கள், தடுக்கிறார்கள், பிராயச்சித்தம் சொல்லித் தப்பவைக்கப் பார்க்கிறார்கள். சட்டம் மன்னனை எட்டியது என்று இவற்றை வைத்துச் சொல்ல முடியாது. மன்னன் தானாக இறங்கிவந்து சட்டத்தின் முன் நின்றான். அவன் வராமல் அரண்மனையிலேயே இருந்துவிட்டிருந்தால் அந்தச் சட்டம் வாசலில் காத்துக்கொண்டிருந்திருக்கும்.

குற்றங்களின் அளவையும் கவனிக்க வேண்டும். கன்று தேர்க்காலில் விழுந்தது விபத்து. கதவைத் தட்டியதற்குக் காரணம் காவல் பொறுப்பு. குற்றம் சிறியது, தண்டனை பிரம்மாண்டமானது, இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் மன்னன் பிரகாசிக்கிறான். நிலத்தைப் பறித்த மன்னன், வரியைத் திருடிய மன்னன், பொய்ச் சாட்சி வைத்துப் பகைவனை ஒழித்த மன்னன் தன்னைத் தண்டித்துக்கொண்ட கதை நம்மிடம் இல்லை. தண்டனையும் நிலைத்து நிற்பதில்லை. பெரியபுராணத்தில் சேக்கிழார் கன்றுக்கும் இளவரசனுக்கும், தேரோட்ட மனமில்லாமல் உயிரை விட்ட அமைச்சனுக்கும் சிவனருளால் உயிரைத் திருப்பித் தந்துவிடுகிறார். வெட்டுண்ட கை இருந்த இடத்தில் பொன்னாலான கை வந்து, மன்னனின் பெயரே பொற்கைப் பாண்டியன் என்றாகிறது. தண்டனை ஆபரணமாகி, ஆபரணம் விருதாகிவிட்டது.

சிலப்பதிகாரத்தில் மட்டும் இந்த இரண்டு கதைகளும் வேறு விதமாக இயங்குகின்றன. யார் வாயிலிருந்து, யாரைப் பார்த்து, எந்தச் சமயத்தில் அவை வருகின்றன என்பதுதான் விஷயம்.

சோழன் கதையைச் சொல்பவள் கண்ணகி. நீ யார் என்று பாண்டியன் கேட்கிறான். அவள் முதலில் தன் பெயரைச் சொல்லவில்லை, ஊரைச் சொல்கிறாள். புறாவின் துயர் தீர்த்தவனும், பசுவின் கண்ணீர் நெஞ்சைச் சுட மகனைத் தேர்க்காலில் இட்டவனும் ஆண்ட ஊர் என்னுடையது என்கிறாள். இது ஊர்ப்பெருமை பேசுவது அல்ல. வழக்குமன்றத்தில் முன்தீர்ப்பைக் காட்டுகிற வேலை. அங்கே மன்னன் மகனுக்கே அந்தச் சட்டம் என்றால் இங்கே மன்னனுக்கு எந்தச் சட்டம் என்பது அவள் கேள்வி. கதை அவள் கையில் ஆயுதம்.

கதவைத் தட்டிய பாண்டியனின் கதையைச் சொல்வது மதுரையின் தெய்வமான மதுராபதி. எப்போது சொல்கிறாள்? கொலை நடந்து, மன்னன் செத்து, ஊர் எரிந்த பிறகு, கட்டுரை காதையில். கண்ணகிக்கு எதிரே நிற்க முடியாமல் பின்பக்கமாக வந்து நின்று பேசுகிறாள். பாண்டியர்கள் நல்லவர்கள், ஒரு கதவைத் தட்டியதற்கே கையை வெட்டிக்கொண்ட பரம்பரை என்கிறாள். அதிகாரிகள் பொறாமையால் சிறையிட்ட வார்த்திகன் என்ற அந்தணனிடம் மன்னன் விழுந்து வணங்கி, திருத்தங்காலையும் வயலூரையும் கொடுத்து மன்னிப்புக் கேட்டதைச் சொல்கிறாள். இந்த மன்னன் மறையோதும் ஓசையைக் கேட்டிருக்கிறானே தவிர, முறையிடுகிறவன் அடிக்கும் மணியின் ஓசையைக் கேட்டதில்லை என்கிறாள். பிறகு ஊழ்வினை. முற்பிறவியில் கோவலன் கலிங்கத்தில் அரசனிடம் பணியிலிருந்தபோது சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று பொய்யாகக் காட்டிக்கொடுத்துக் கொல்லவைத்தவன், அந்தப் பழிதான் இப்போது வந்தது என்கிறாள்.

தெய்வ வாக்கு என்ற பக்தியை ஒதுக்கிவைத்துவிட்டு இதை ஒரு வாதமாகப் படித்துப் பாருங்கள். பிரதிவாதியின் குடும்பம் நல்ல குடும்பம். முன்பு தவறு நேர்ந்தபோது நஷ்டஈடு கொடுத்தவர்கள். இவர் மீது இதுவரை புகாரே வந்ததில்லை. செத்தவன் மட்டும் யோக்கியனா? எல்லாம் விதி. ஆள்கிறவர் மீது வழக்கு வந்தால் எந்த வக்கீலும் இன்றைக்கும் இந்த ஐந்தையும் இதே வரிசையில்தான் எடுத்துவைப்பார். மணி அடிக்கவே இல்லை என்பது நல்லாட்சிக்கு அத்தாட்சியா, மணிக்கயிறு எட்டாத உயரத்தில் இருந்தது என்பதற்கு அத்தாட்சியா என்று மதுராபதியைக் கேட்க அங்கே ஆளில்லை.

ஆக ஒரே வகைக் கதை காவியத்தில் இரண்டு விதமாகப் பயன்படுகிறது. குடிமகள் சொல்லும்போது அது முன்தீர்ப்பு. ஆட்சியின் தரப்பு சொல்லும்போது அது நற்சான்றிதழ். நம் மேடைகள் ஆயிரம் தடவை சொன்னது இரண்டாவது முறையில்தான். கண்ணகியைப் புகழ்ந்துகொண்டே மதுராபதியின் வக்காலத்தை நாம் ஒப்பித்துக்கொண்டிருக்கிறோம்.

கொலை ஆணை பிறந்த இடத்துக்கு வருவோம். அது அரசவையில் பிறக்கவில்லை. கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மன்னன்மேல் ஊடி அரசி எழுந்து போய்விடுகிறாள். அவளைச் சமாதானப்படுத்தப் போகும் வழியில், அந்தப்புரத்து வாசலில், பொற்கொல்லன் காலில் விழுந்து சொன்ன ஒரு வார்த்தையை வைத்து ஆணை இடப்படுகிறது. சாட்சி இல்லை, விசாரணை இல்லை, அரசியின் சிலம்பை வரவழைத்து ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. ‘கொல்ல’ என்று சொல்ல வேண்டியவன் விதிவசத்தால் வாய்சோர்ந்து ‘கொன்று’ என்று சொல்லிவிட்டான் என்ற சமாதானத்தைத் தமிழாசிரியர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். ஒரு வினையெச்சத்தில் மன்னனுக்கு விடுதலை! கோவலனுக்கு வாய்திறக்கவே இடமில்லை. காவலர்களில் சிலர் இவன் முகம் கள்வன் முகம் அல்லவே என்று தயங்குகிறார்கள். மன்னனிடம் இருந்திருக்க வேண்டிய தயக்கம் அது. குடித்திருந்த ஒருவன் வாளை வீசி அதை முடித்துவைக்கிறான்.

ஆகவே வழக்குரை காதையின் உண்மையான சாதனை பாண்டியன் செத்தது அல்ல. கோவலனுக்கு மறுக்கப்பட்ட விசாரணையைக் கண்ணகி மன்னன்மேல் நடத்தியதுதான். வாசலில் தன்னை அறிவிக்கச் செய்கிறாள். கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது என்று அவன் சட்டம் பேசும்போது, பரல் என்ன என்று கேட்டுச் சாட்சியத்துக்குப் போகிறாள். முத்தா, மாணிக்கமா என்பது யாரும் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்கக்கூடிய விஷயம். மன்னனின் நல்ல மனசு அதற்குத் தேவையில்லை. தமிழ் இலக்கியத்தில் ஆள்கிறவன் தன் விருப்பமில்லாமல் ஒரு குடிமகளின் நிரூபணத்துக்கு முன் நிற்கும் கணம் இது. ஷேக்ஸ்பியரின் ‘மெஷர் ஃபார் மெஷர்’ நாடகத்தில் ஏஞ்சலோ இதே நிலைக்கு வருகிறான். தான் உயிர்கொடுத்த சட்டத்தைத் தானே மீறி, அம்பலப்பட்டதும் சாவைக் கேட்கிறான். ஆனால் அவனை அம்பலப்படுத்தி மேடையில் நிறுத்துவது அவனுக்கும் மேலே இருக்கிற டியூக். டியூக்கை யார் நிறுத்துவது என்று நாடகம் கேட்பதில்லை. இளங்கோவின் மேடையில் டியூக் கிடையாது. சிலம்போடு ஒரு பெண்தான் இருக்கிறாள்.

அந்தக் கணம் நிலைக்கவில்லை. தீர்ப்பைத் தன் வாயால் சொல்லிவிட்டு மன்னன் விழுந்துவிடுகிறான். வழக்கு அவன் கைக்கே திரும்பிப் போய்விடுகிறது. அதற்குப் பிறகு வருவதைத்தான் நம் ரசிகர்கள் படிப்பதில்லை. காட்சிக் காதையில் சேரன் செங்குட்டுவன் இதைக் கேட்டு, வினை வளைத்த கோலைப் பாண்டியனின் உயிர் நிமிர்த்திவிட்டது என்று தீர்ப்புச் சொல்கிறான். மன்னன்மேல் தீர்ப்பு இன்னொரு மன்னனிடமிருந்து வருகிறது. வாழ்த்துக் காதையில் தெய்வமாகிவிட்ட கண்ணகியே, பாண்டியன் குற்றமற்றவன், நான் அவன் மகள் என்கிறாள். காவியம் முடிவதற்குள் நெடுஞ்செழியன் முழு விடுதலை பெற்றுவிடுகிறான்.

அப்படியானால் குற்றத்துக்கு யார் கணக்குக் கொடுத்தது? நீர்ப்படைக் காதையில் மாடலன் செங்குட்டுவனிடம் ஒரு செய்தி சொல்கிறான். கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் பத்தினிக்கு ஒரே பகலில் ஆயிரம் பொற்கொல்லரைப் பலிகொடுத்துவிட்டு மதுரையில் அரசேறினான். காவியத்தின் வாசலில் இருக்கும் உரைபெறு கட்டுரையும் இதைச் சொல்கிறது. பாண்டிய நாட்டில் மழை பொய்த்து வெப்புநோய் பரவியது, இந்தப் பலிக்குப் பிறகு மழை பெய்தது என்கிறது.

ஆயிரம் பேர். சிலம்பைத் திருடியவன் ஒருவன். விசாரிக்காமல் கொல்லச் சொன்னவன் ஒருவன். கோவலனுக்கு நேர்ந்த அதே அநீதி, அதாவது விசாரணையற்ற மரணம், அடுத்த பாண்டியனால் ஆயிரம் மடங்காகத் திருப்பிச் செய்யப்படுகிறது. அதற்குப் பெயர் சாந்தி. வெற்றிவேற்செழியனின் கோல் வளைந்ததாக எவரும் சொல்லவில்லை. அவன் முன்னால் சிலம்போடு எந்தப் பொற்கொல்லன் மனைவியும் வந்து நிற்கவில்லை. வந்திருந்தால் வாயிலோன் உள்ளே விட்டிருப்பானா என்பது வேறு விஷயம்.

இதைப் புராதனச் சடங்கு என்றோ, உரைபெறு கட்டுரை பிற்சேர்க்கை என்றோ சொல்லித் தள்ளிவிடலாம். உரைபெறு கட்டுரையைத் தள்ளினாலும் நீர்ப்படைக் காதை இருக்கிறது. சடங்கு என்றாலும் சடங்குக்கு ஆள் பொறுக்கியது அரசு. நான் வங்கியில் குமாஸ்தா. நகைக்கடன் நாட்களில் என் பக்கத்தில் உரைகல்லோடு உட்காரும் மதிப்பீட்டாளர் பரம்பரைப் பொற்கொல்லர். அவரிடம் ஒருநாள் இந்தப் பகுதியைச் சொன்னேன். சிலம்பைத் திருடிய பொற்கொல்லனைத் தெரிந்த அளவுக்கு இந்த ஆயிரம் பேரை அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. “திருடினவன் ஒருத்தன் சார், தீர்ப்புச் சொன்னவன் ஒருத்தன். மீதி ஆயிரம் பேரு என்ன பண்ணினாங்க?” என்றார். இத்தனை காலச் சிலப்பதிகார விமர்சனத்தில் இந்தக் கேள்வி மையத்துக்கு வரவில்லை என்பது நம் விமர்சனத்தைப் பற்றிச் சொல்கிறது. இளங்கோ இதைப் பற்றிக் கருத்து எதுவும் சொல்லாமல் செய்தியாக மட்டும் வைத்துவிட்டுப் போகிறார். அவர் ஒப்புக்கொண்டாரா, நமக்கு விட்டுவைத்தாரா என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை. ஆனால் அவர் மறைக்கவில்லை. மறைத்தது நாம்.

ஆள்கிறவன் தன்னைத்தானே தண்டித்துக்கொள்வதை நீதியின் சிகரமாகக் கொண்டாடும் சமூகத்தில் தண்டனையின் உண்மையான கனம் வேறு யாரோ ஒருவர் தலையில் இறங்கும். இதுதான் நான் காவியத்திலிருந்து பெறுவது. இதை வைத்துக்கொண்டு நம் காலத்துக்கு வருகிறேன்.

1987 மார்ச் மாத ‘ஆனந்த விகடன்’ இதழ் ஒன்றின் அட்டையில் ஒரு நகைச்சுவை வந்தது. மேடையில் இருக்கிற இருவரில் ஜேப்படிக்காரன் மாதிரி இருப்பவர் சட்டமன்ற உறுப்பினர், முகமூடிக் கொள்ளைக்காரன் மாதிரி இருப்பவர் மந்திரி என்பது அதன் சாரம். அவையின் உரிமை மீறப்பட்டதாகச் சொல்லி, ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. நாடெங்கும் எழுந்த எதிர்ப்பில் சில நாட்களில் அவர் விடுவிக்கப்பட்டார். பின்னாளில் உயர் நீதிமன்றம் அவருக்கு ஆயிரம் ரூபாய் இழப்பீடு அளித்தது.

பாண்டியன் தன் கடைசி மூச்சில் சொன்னதும் விகடன் அட்டை சொன்னதும் அடிப்படையில் ஒரே வாக்கியம்தான். ஆள்கிறவன்தான் கள்வன். அதை மன்னன் தன் வாயால் சொன்னால் உலகம் உள்ளளவும் செங்கோல். குடிமகன் சொன்னால் கடுங்காவல். வாக்குமூலம் கொடுக்கிற உரிமைகூட ஆள்கிறவனின் தனிச்சொத்தாகிவிடுகிறது. நகைச்சுவை நிரூபணம் ஆகாது, அவதூறாக இருக்கலாமே என்பார்கள். இருக்கலாம். அவதூறுக்குச் சட்டம் இருக்கிறது. என்னை ஒருவர் திருடன் என்றால் நான் போகவேண்டிய நீதிமன்றத்துக்கு அவர்களும் போயிருக்கலாம். அங்கே வாதி ஒருவர், நீதிபதி இன்னொருவர். 1987ல் வாதியும் நீதிபதியும் ஒரே அவை. மூன்று மன்னர்களின் கதையில் இருந்த அதே அமைப்பு, தண்டனை மட்டும் திசைமாறிவிட்டது.

இந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது? அரசியல் சட்டத்தின் 194வது பிரிவிலிருந்து. சட்டமன்றத்தின் உரிமைகளைச் சட்டமன்றமே ஒரு சட்டமாக இயற்றி வரையறுக்கலாம், அதுவரை 1950ல் இங்கிலாந்துக் காமன்ஸ் சபைக்கு இருந்த உரிமைகள் பொருந்தும் என்றது அது. 1978ன் 44வது திருத்தம் காமன்ஸ் சபையின் பெயரை எடுத்துவிட்டு, அதுவரை இருந்த உரிமைகள் தொடரும் என்று வைத்துக்கொண்டது. பெயர் போயிற்று, பொருள் போகவில்லை. அந்த வரையறைச் சட்டத்தை முழுமையாக இயற்ற நாடாளுமன்றத்துக்கும் நம் சட்டமன்றத்துக்கும் இன்றுவரை நேரம் கிடைக்கவில்லை. மாட்டு வண்டிக்கும் மதுக்கடைக்கும் சட்டம் இருக்கிறது. தன்னைப் பற்றி எழுதவேண்டிய ஒரு சட்டத்தை மட்டும் அவை எழுதாமலே வைத்திருக்கிறது. எழுதிவிட்டால் அதை நீதிமன்றம் படித்துப் பார்க்குமே!

காமன்ஸ் சபைக்கு அந்த உரிமை எதற்காகக் கிடைத்தது என்பதை மறந்துவிடக் கூடாது. சபையில் பேசியதற்காக மன்னன் உறுப்பினர்களைச் சிறையிட்ட காலத்தில் அது கேடயம். 1964ல் உத்தரப் பிரதேசச் சட்டமன்றத்தில் அந்தக் கேடயம் வேறு உருக்கொண்டது. துண்டுப் பிரசுரம் போட்டதற்காகச் சிறைவைக்கப்பட்ட கேசவ் சிங் என்பவரின் மனுவை ஏற்று லக்னௌ அமர்வின் இரண்டு நீதிபதிகள் அவரை ஜாமீனில் விட்டார்கள். கேசவ் சிங்கோடு அவர் வக்கீலையும், அந்த இரண்டு நீதிபதிகளையுமே காவலில் கொண்டுவரச் சொல்லி அவை தீர்மானம் போட்டது. அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் 28 நீதிபதிகள் கூடி அமர்ந்து அதைத் தடுக்க வேண்டியிருந்தது. 2003 நவம்பரில் நம் சட்டமன்றம் ‘தி இந்து’ பத்திரிகையாளர்களுக்கும் ‘முரசொலி’ ஆசிரியருக்கும் பதினைந்து நாள் சிறை விதித்தது. உச்ச நீதிமன்றம் சில நாட்களில் அதை நிறுத்திவைத்தது. வாசலில் நின்றவளை உள்ளே விட்ட வாயிலோனையும் பிடித்துக்கொண்டு வா என்று பாண்டியன் சொல்லவில்லை என்பதை அவனுக்குச் சாதகமாகக் குறித்துக்கொள்ளலாம்.

உறுப்பினன் அவையில் பேசியதற்கும் வாக்களித்ததற்கும் வழக்கில்லை என்ற பாதுகாப்பை நான் எதிர்க்கவில்லை. அது அவனுக்கு வாக்களித்தவர்களின் உரிமை. பயமில்லாமல் அவர்களுக்காக அவன் பேச வேண்டும். ஆனால் இந்தப் பாதுகாப்பு எவ்வளவு தூரம் நீண்டது என்று பாருங்கள். 1993ல் மத்திய அரசின்மேல் வந்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் அரசுக்கு ஆதரவாக வாக்களிக்க ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சா உறுப்பினர்கள் லஞ்சம் வாங்கியதாக வழக்கு. 1998ல் உச்ச நீதிமன்றம் மூவர் இருவர் என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. பணம் வாங்கிக்கொண்டு வாக்களித்தவர்களுக்கு அரசியல் சட்டப் பாதுகாப்பு உண்டு. வாங்கியதாகச் சொல்லப்பட்டும் வாக்களிக்காத ஒருவருக்கு அது கிடையாது. லஞ்சம் கொடுத்தவனிடம் நாணயமாக நடந்துகொண்டவன் தப்பித்தான்! இந்தத் தர்க்கத்தில் ஒரு சுத்தம் இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. சொல்லுக்கும் வாக்குக்கும் கொடுத்த பாதுகாப்பை அகலமாகப் படித்தால்தான் உறுப்பினன் பயமின்றி இருப்பான் என்று பெரும்பான்மை நீதிபதிகள் கருதினார்கள். 2024 மார்ச் 4ஆம் தேதி ஏழு நீதிபதிகள் ஒரே குரலில் அதை மாற்றினார்கள். லஞ்சம் வாங்கிய கணத்திலேயே குற்றம் முடிந்துவிடுகிறது, வாக்கு அப்புறம் என்றார்கள். இதைச் சொல்ல இருபத்தாறு வருஷம்.

1984ல் அந்துலே வழக்கில், சட்டமன்ற உறுப்பினர் குற்றவியல் சட்டம் சொல்லும் ‘பொது ஊழியர்’ ஆகமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தேசியமயமான வங்கியில் செலான் சரிபார்க்கிற என் போன்றவர்கள் ஆவார்கள். 1998 தீர்ப்பு பிறகு அதைச் சரிசெய்தது. தண்டனை பெற்ற வெளியாள் தேர்தலில் நிற்கவே முடியாதபோது, ஏற்கெனவே உள்ளே இருப்பவர் மேல்முறையீடு செய்துவிட்டுப் பதவியில் தொடரலாம் என்ற விலக்கு 2013 ஜூலை வரை சட்டப் புத்தகத்தில் இருந்தது. அதை நீக்கியது நாடாளுமன்றம் அல்ல, நீதிமன்றம். அடுத்த ஆண்டு செப்டம்பரில் பெங்களூர் தனி நீதிமன்றத் தீர்ப்பால் தமிழக முதல்வர் ஒருவர் பதவியிழந்தபோது, அவர் இறங்க மனசுவைத்து இறங்கவில்லை. அவர் மனசுக்கு அங்கே வேலையில்லை. அந்த வழக்கின் பின்கதைகளும் மேல்முறையீடுகளும் வேறு. நான் சொல்வது அமைப்பை. அன்றைக்குத் தமிழ்நாட்டுத் தெருக்களில் அழுதவர்கள், ஆள்கிறவரை அவர் சம்மதமில்லாமல் சட்டம் எட்டும் என்பதைக் கற்பனைகூடச் செய்து பார்த்திராதவர்கள். நம் இலக்கியம் அந்தக் கற்பனையை அவர்களுக்குக் கொடுக்கவில்லை. நல்ல மன்னனைக் கொடுத்தது.

சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழனுக்குச் சிலை இருக்கிறது. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துக் கிராமங்களில் கலெக்டர் வந்து மனுநீதி நாள் முகாம் நடத்துகிறார். பந்தலில் மேஜை போட்டு அதிகாரிகள் உட்கார்ந்திருக்க, பட்டாவுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் ஜனங்கள் காகிதத்தோடு வரிசையில் நிற்கிறார்கள். மனு என்பது அங்கே மன்னன் பெயர் இல்லை, கையில் இருக்கிற காகிதம். அதில் உபயோகம் இல்லை என்று சொல்லமாட்டேன், பலருக்குப் பட்டா கிடைத்திருக்கிறது. ஆனால் கதையில் பசு மணியை அடித்தது உதவித்தொகை கேட்க அல்ல. உன் வீட்டுப் பிள்ளை என் கன்றைக் கொன்றான் என்று சொல்ல. அந்தப் புகாருக்கு முகாமில் மேஜை போடப்படவில்லை. மெரினாவில் 1968ல் வைக்கப்பட்ட கண்ணகி சிலை 2001ல் அகற்றப்பட்டு 2006ல் திரும்ப வைக்கப்பட்டது. வைத்ததும் எடுத்ததும் திரும்ப வைத்ததும் ஆள்கிறவர்கள். மன்னனைக் கேள்வி கேட்ட பெண் எங்கே நிற்கலாம் என்பதை மன்னர்கள் தீர்மானித்துக்கொண்டிருக்கிறார்கள்.

சிறுபத்திரிகைக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. நம் சிறிய ராஜ்யத்திலும் சட்டம் செய்கிறவர்கள் உண்டு. எது கவிதை, எது ஜோடனை, எவன் எழுத்துக்கு வாழ்க்கை சாட்சி சொல்லவில்லை என்று விதிக்கிற விமர்சகனை யார் அதே விதியில் வைத்துப் பார்ப்பது? அவன் தன்னைத்தானே கடுமையாக விசாரித்துக்கொள்கிறான் என்கிறோம். நம் கவிதைகளிலும் இந்தச் சுய விசாரணை நிறைய வருகிறது. கவிஞன் தன்னைக் குற்றவாளி என்று அறிவித்துக்கொள்கிறான், நாம் நேர்மை என்று மெச்சுகிறோம். இதுவும் பொற்கைதான். தன்னை எந்தக் குற்றத்துக்குத் தண்டிப்பது என்று அவனே தேர்ந்தெடுத்துக்கொள்கிறான். பிறர் கையில் ஒரு சிலம்பு இருந்து, அதை அவன் எதிரில் உடைக்க இடம் இருந்தால்தான் அது விசாரணை. மறுப்புக் கடிதத்தைப் பிரசுரிக்காத பத்திரிகை சட்டமன்றத்தைக் குறைசொல்லக் கூச்சப்பட வேண்டும்.

சட்டம் செய்கிறவன் நல்லவனாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவதில் தவறில்லை. அவன் நல்லவனா இல்லையா என்பதைப் பொறுத்து நியாயம் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் இருக்கக் கூடாது. வழக்குரை காதை அதற்கு மிக அருகில் வந்துவிட்டு விலகிப்போன பிரதி. விலகிப்போனதன் விலை என்ன என்பதையும் அதுவே எழுதிவைத்திருக்கிறது. அடுத்த தடவை மேடையில் யாராவது சிலம்பை உடைத்துக் காட்டிவிட்டு இறங்கினால், அவரை நிறுத்தி நீர்ப்படைக் காதையையும் வாசித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். செங்கோல் நிமிர்ந்த கதையோடு அந்த ஆயிரம் பேரின் கதையும் ஒரே மேடையில் ஒலிக்கட்டும். அதற்கப்புறம் கைதட்ட முடிகிறதா என்று பார்ப்போம்.